நோட்டு ஓடுகிறது, சத்தம் மட்டும் இல்லை

இசை அமைக்கும் மென்பொருளில் டிரம்ஸ் ஆடியோ டிராக் நன்றாகக் கேட்கிறது, மிடி டிராக்கில் உள்ள பியானோவும் ஸ்டிரிங்ஸும் மட்டும் ஊமையாக இருக்கின்றன என்கிறீர்கள். அப்படியானால் சவுண்ட் கார்டையும் டிரைவரையும் நோண்ட வேண்டாம். அங்கே கோளாறு என்றால் டிரம்ஸும் கேட்காது. டிரம்ஸில் சோலோ பட்டன் (மற்ற டிராக்குகளை அடக்கிவிடுவது) அமுங்கியிருக்கிறதா என்று மட்டும் ஒரு பார்வை பாருங்கள். எனக்கே அது பலமுறை நடந்திருக்கிறது.

அப்புறம், மிடி டிராக்கில் ஒலியே கிடையாது. எந்த நோட்டு, எவ்வளவு அழுத்தம் என்ற குறிப்புதான் இருக்கும். ஒலி எழுப்புவது பிளகின், அதாவது மென்பொருளுக்குள் இயங்கும் வாத்தியம். அதனால் பிளகினைத் திறந்து, அதன் திரையில் உள்ள கீபோர்டை மவுஸால் அழுத்துங்கள். சத்தம் வந்தால் பிளகின் சரி, குறிப்பு போய்ச் சேரவில்லை. டிராக் அனுப்பும் மிடி சேனலும் (1 முதல் 16 வரை) பிளகின் எதிர்பார்க்கும் சேனலும் ஒன்றாக இருக்க வேண்டும். மவுஸால் அழுத்தியும் சத்தம் வராவிட்டால் சாம்பிள் கோப்புகள் (பதிவு செய்த வாத்திய ஒலிகள்) இடம் மாறியிருக்கலாம், அல்லது பிளகினின் அவுட்புட், எல்லா ஒலியும் சேர்ந்து வெளியேறும் மாஸ்டர் டிராக்குக்குப் போகாமல் இருக்கலாம்.

மவுஸுக்குக் கேட்டு, பாட்டை ஓடவிட்டதும் அதுவும் அடங்கிவிடுகிறதா? ஆட்டோமேஷனில் (பாட்டு ஓடும்போது தானாக மாறும்படி பதிவான அமைப்புகள்) சிசி 7 (வால்யூம்), சிசி 11 (எக்ஸ்பிரஷன், அதாவது வாசிப்பின் ஏற்ற இறக்கம்) என்ற இரண்டு மிடி கட்டுப்பாடுகளையும் பாருங்கள். தொடக்கத்தில் எங்காவது 0 பதிவாகியிருந்தால் அழித்துவிடுங்கள். ஸ்டிரிங்ஸில் இது அடிக்கடி நடக்கும். இன்னும் வரவில்லையென்றால் மென்பொருள், பிளகின் பெயர்களைச் சொல்லுங்கள், பார்ப்போம்.