வேளாண் பட்டம் பெற்றால் பயிர் ஆலோசகர் ஆகிவிடலாமா?

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் மகளுக்கு இளநிலை வேளாண்மைப் படிப்பில் இடம் கிடைத்திருப்பதாகவும், பயிர் ஆலோசகராக வேண்டும் என்று அவர் உறுதியாக இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். விவசாயிக்கு யோசனை சொல்பவருக்கு யார் பணம் கொடுப்பார்கள் என்பது உங்கள் கேள்வி. இந்தத் துறையின் வேலைவாய்ப்பு முழுவதும் அந்தக் கேள்வியைச் சுற்றியே அமைந்திருப்பதால், பதிலையும் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

2016இல் பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் சுருள் வெள்ளை ஈ பரவியபோது, வீரியமான பூச்சிக்கொல்லியைத் தெளிக்க வேண்டாம், தெளித்தால் அந்த ஈயை அழிக்கும் என்கார்சியா ஒட்டுண்ணியும் சேர்ந்து மடியும் என்பதே அறிவியலாளர்கள் தந்த அறிவுரை. மஞ்சள் ஒட்டும் பொறி வைப்பதும், ஓலையின் அடிப்புறத்தில் தண்ணீரை விசையுடன் பீய்ச்சுவதும் போதுமான தொடக்கம் என்றார்கள். ஆனால் மருந்துக்கடைக்காரர் இதைச் சொன்னால் அவருக்கு விற்பனை இல்லை. நம் ஊர்களில் பெரும்பாலான விவசாயிகள் யோசனை கேட்கும் இடமோ அந்தக் கடைதான். அங்கே யோசனை இலவசம், அதன் விலை மருந்துப் புட்டியில் அடங்கியிருக்கிறது. எனவே பட்டம் வாங்கிய கையோடு தனியாக அமர்ந்து, ஆலோசனைக் கட்டணத்தை மட்டும் நம்பிப் பிழைக்கலாம் என்று உங்கள் மகள் எண்ணினால், அந்த எண்ணத்தை இப்போதே திருத்துவது நல்லது. யோசனைக்கான சம்பளத்தை வேறொருவர் கொடுக்கும் இடங்களையே முதலில் பார்க்க வேண்டும்.

அவற்றில் முதலாவது அரசு. வேளாண்மை அலுவலர், தோட்டக்கலை அலுவலர் பணியிடங்களுக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் தேர்வு நடத்துகிறது; ஆனால் அறிவிப்பு ஆண்டுதோறும் தவறாமல் வரும் என்று நம்பி வீட்டில் காத்திருப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. பொதுத்துறை வங்கிகளின் வேளாண் கள அலுவலர் தேர்வை 20 முதல் 30 வயதுக்குள் எழுதலாம். அது கடன் சார்ந்த வேலை, பயிர் சார்ந்தது குறைவு என்பதை மகளிடம் சொல்லிவிடுங்கள். அவருடைய விருப்பத்துக்கு மிக நெருக்கமானவை வேளாண் அறிவியல் நிலையங்களே (ஆராய்ச்சி முடிவுகளை விவசாயிகளிடம் கொண்டுசேர்க்கும் மாவட்ட அளவிலான மையங்கள்; ஆங்கிலத்தில் KVK என்பார்கள்). அங்குள்ள துறை வல்லுநர் பணிக்கு முதுநிலைப் பட்டம் தேவை என்பதால், பூச்சியியல், பயிர் நோயியல், மண்ணியல் ஆகியவற்றில் ஒன்றில் அவருக்கு இரண்டாம் ஆண்டிலிருந்தே நாட்டம் ஏற்பட்டால் நல்லது. தமிழ்நாட்டில் எல்லாம் தெரிந்த பொது ஆலோசகரைவிட, ஒரே பயிரையோ ஒரே சிக்கலையோ ஆழமாக அறிந்தவரைத்தான் தோப்புக்காரர்கள் தேடிவந்து கட்டணம் கொடுத்து அழைக்கிறார்கள்.

தனியார் துறையில் விதை, உரம், பூச்சிமருந்து, சொட்டுநீர் நிறுவனங்களே அதிகம் ஆளெடுக்கின்றன. பதவியின் பெயர் எப்படி இருந்தாலும் விற்பனை இலக்கு உண்டு, அலைச்சலும் உண்டு. ஆயினும் மூன்று நான்கு ஆண்டுகள் அதில் இருப்பவருக்குக் கிடைக்கும் கள அறிவையும் விவசாயிகளின் அறிமுகத்தையும் எந்த வகுப்பறையும் தராது என்பதால், அதைக் குறைவாக எண்ண வேண்டாம். சர்க்கரை ஆலைகளின் கரும்புப் பிரிவு, தேயிலைத் தோட்டங்கள், விவசாயிகளே பங்குதாரர்களாகச் சேர்ந்து நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் ஆகியவற்றையும் பார்க்கலாம். கடைசியாகச் சொன்னவற்றில் சம்பளம் பெரும்பாலும் குறைவு.

சொந்தத் தொழில் அதற்குப் பிறகுதான். மத்திய அரசு 2002இல் தொடங்கிய வேளாண் மருத்துவமனை (பயிர் ஆலோசனை தரும் மையம்), வேளாண் வணிக மையத் திட்டத்தில், வேளாண் பட்டதாரிகள் சொந்தமாகத் தொழில் தொடங்க 45 நாள் பயிற்சியும், வங்கிக் கடனோடு இணைந்த மானியமும் உண்டு. மகளிருக்கான மானியம் 44 விழுக்காடு. விண்ணப்பிக்கும் காலத்தில் அன்றைய விதிகளைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். மண் பரிசோதனை, நாற்றங்கால், உயிரியல் கட்டுப்பாட்டுப் பொருள் (பூச்சியையும் நோயையும் அடக்கும் நன்மை செய்யும் உயிரிகள்) உற்பத்தி போன்ற ஒன்றை வருமானத்துக்கு வைத்துக்கொண்டு, அதன்மேல் ஆலோசனையை வளர்ப்பதே நிலைக்கும் வழி என்பது என் கருத்து.

கட்டணம் கட்டுமுன் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். அந்தக் கல்லூரிக்கும் அது சேர்ந்துள்ள பல்கலைக்கழகத்துக்கும் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் (ICAR) அங்கீகாரம் இருக்கிறதா என்பதை அவர்கள் வாய்ச்சொல்லில் விடாமல் எழுத்தில் கேளுங்கள். அது இல்லையெனில் முதுநிலைச் சேர்க்கையிலேயே தடை வரும். மேலே சொன்ன வல்லுநர் வழியும் அங்கேயே அடைபட்டுவிடும். அங்கீகாரம் இருந்தால் தயங்காமல் சேர்த்துவிடுங்கள்.