மூடிய டப்பாவுக்குள் வண்டு எப்படி?

கேள்வி: அரிசி டப்பா மூடி அவ்வளவு இறுக்கம், இரண்டு கையால் திருகினால்தான் திறக்கும். அப்படியும் உள்ளே வண்டு. எந்த வழியாக வருகிறது?

பதில்: எந்த வழியாகவும் வரவில்லை, பெரும்பாலும் அரிசியோடு சேர்த்து நீங்களே அதையும் போட்டு மூடியிருக்கிறீர்கள். மூக்கு நீண்ட அந்த வண்டு தானிய மணியில் துளை போட்டு, உள்ளே முட்டை வைத்து, துளையைப் பசை போன்ற ஒன்றால் அடைத்துவிடும். பார்த்தால் நல்ல மணி மாதிரியே இருக்கும். புழு அதற்குள்ளேயே தின்று வளர்ந்து, வண்டான பிறகுதான் வெளியே வரும்; வெக்கைக் காலத்தில் ஏறக்குறைய ஒரு மாதம் போதும். அதனால்தான் வெயிலில் காயவைத்தால் கண்ணுக்குத் தெரிகிற வண்டுகள் ஓடிவிடுகின்றன, மணிக்குள் இருப்பவை தப்பிவிட்டு அடுத்த மாதம் வருகின்றன. கிராம்பு, வாசனை இலை போடுவதும் உள்ளே இருப்பதை ஒன்றும் செய்யாது.

பலன் தருகிற வழி ஃப்ரீசர்தான். வாங்கியதும் பையோடு மைனஸ் 18 டிகிரியில் ஒரு வாரம் வையுங்கள், முட்டை முதல் வண்டு வரை எல்லாம் செத்துவிடும். ஆனால் எடுத்த உடனே பிரிக்காதீர்கள்; குளிர் முழுக்க விட்ட பிறகு பிரியுங்கள், இல்லையென்றால் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும், வண்டே தேவலை என்று ஆகிவிடும். ஃப்ரீசரில் இடமில்லையா, கொஞ்சம் கொஞ்சமாக வாங்குங்கள்.

கேள்வி: சமையலறைச் சுவரின் மேல் மூலையில் வெள்ளைப் புழு ஊர்கிறது. துடைக்கத் துடைக்க வருகிறது.

பதில்: அந்துப்பூச்சியின் புழு. வளர்ந்ததும் கூடு கட்டத் தீனியை விட்டுச் சுவரேறும், ஆகவே மேலே துடைத்துப் பயனில்லை, கீழே தேடுங்கள். மாவு, கொட்டைகள், உலர்பழம் எல்லாம் பார்த்தாகிவிட்டதா? சரி, நாய்க்கும் பறவைக்கும் வைத்திருக்கும் தீனிப் பையைப் பார்த்தீர்களா? பலரும் விடுவது அதைத்தான். நூலாம்படை போல இழையோடி, கட்டி கட்டியாக ஒட்டியிருந்தால் அதுதான் மூலம், பையோடு வெளியே போடுங்கள். மெல்லிய பிளாஸ்டிக்கை இந்தப் புழு கடித்துத் துளைத்துவிடும். கண்ணாடி, தகர டப்பாதான் சரி. மூடியின் மரைக்குள்ளும் அலமாரியின் ஆணித் துளைகளிலும் கூடு இருக்கும், அங்கேயும் வாக்யூம் போடுங்கள். ஃபெரோமோன் (பெண் பூச்சியின் வாசனை) வைத்த ஒட்டுப்பொறி ஆண் பூச்சியை மட்டும்தான் இழுக்கும். இன்னும் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஆகும், ஒழிக்க ஆகாது.

கேள்வி: அலமாரிக்குள் மருந்து அடிக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். சாப்பாட்டுப் பொருள் இருக்கிற இடம்.

கேள்வி: தெரியாமல் வண்டோடு சமைத்துச் சாப்பிட்டுவிட்டோம். ஏதாவது ஆகுமா?

பதில்: பொதுவாக ஒன்றும் ஆகாது, அருவருப்புதான். மாவு மட்டும் வேறு கதை. சின்னச் செந்நிற வண்டு நிறையப் பெருகினால் மாவு லேசாக இளஞ்சிவப்பாகி ஒரு நெடி அடிக்கும், அது வண்டு விடும் சுரப்பு. சலித்தால் வண்டு போகும், நெடி போகாது. அந்த மாவைக் கொட்டிவிடுங்கள்.