கோதிக், திகில் புத்தகங்கள் படித்து நிஜமாகவே பயந்திருக்கிறீர்களா?

ஒரே ஒரு தடவை. அதுவும் கோட்டைக்கோ கோரைப்பல்லுக்கோ இல்லை, ஒரு கப்பலுக்கு.

நான் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரன். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். பக்கத்து வீட்டில் இருமினால் எங்கள் வீட்டில் சுக்கு தட்டுவார்கள். இப்படி வளர்ந்தவனுக்கு ஆளில்லாத மாளிகையைப் பற்றிப் படித்தால் பயத்தைவிடப் பொறாமைதான் வருகிறது. பாழடைந்த மாளிகை, சாபம், பேய் என்று போகிற கோதிக் நாவல்களுக்கெல்லாம் மூத்தது என்கிற ‘ஒட்ராண்டோ கோட்டை’யில் (1764) ஆரம்பத்திலேயே ஒரு ராட்சதத் தலைக்கவசம் விழுந்து கல்யாண மாப்பிள்ளை நசுங்கிச் சாவான். சிரித்துவிட்டேன். ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ (1818) பயமே இல்லை, துக்கம். பெயர்கூட வைக்காமல் உண்டாக்கியவனே விட்டுவிட்டு ஓடிய பிள்ளை அது.

பேய்க்கும் எங்கள் மாவட்டத்தில் விலாசம் உண்டு. நாங்கள் ஞாயிறு பூசைக்குப் போகிற குடும்பம்தான். ஆனாலும் ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தல் இசக்கி கோயில் வந்தால் டிரைவர் வண்டியை நிறுத்திக் காணிக்கை போடுவார், நாங்கள் யாரும் ஏன் என்று கேட்டதில்லை. பேசித் தீர்க்க முடிகிற பேயிடம் என்ன பயம்?

ரத்தம் குடிக்கும் காட்டேரிக் கோமானைப் பற்றி ஸ்டோக்கர் எழுதிய ‘டிராகுலா’வையும் (1897) அந்தத் தெனாவட்டில்தான் எடுத்தேன். தொடக்கத்தில் சத்திரக்காரி தன் கழுத்துச் சிலுவையைக் கழற்றி, கோமானின் கோட்டைக்குப் போகிற ஹார்க்கருக்குக் கொடுப்பாள். சீர்திருத்த சபைக்காரன் வாங்கக் கூச்சப்படுவான். தெருவுக்கொரு குருசடி உள்ள ஊர்க்காரனுக்கு அவன் சங்கடம் நல்ல வேடிக்கை. பிற்பாடு காட்டேரியை வேட்டையாட வரும் வான் ஹெல்சிங் நற்கருணை அப்பத்தை நொறுக்கி மக்கில் பிசைந்து கல்லறை இடுக்கை அடைக்கும் இடத்தை அம்மாவிடம் சொன்னேன். பேயை விட்டுவிட்டு அவரைத் திட்டினாள். “அவியளுக்குப் பயமே கெடையாதா மக்ளே?”

அந்தக் கப்பல் நடுவில் வருகிறது. பெயர் டிமீட்டர். வர்னாவிலிருந்து இங்கிலாந்தின் விட்பிக்கு மண் நிரம்பிய பெட்டிகளோடு புறப்படுகிறது, பெட்டியொன்றில் கோமான் ஒளிந்திருக்கிறான். கேப்டனையும் சேர்த்து ஒன்பது பேர். கதை சொல்ல யாரும் இல்லை, கேப்டனின் நாட்குறிப்பு மட்டும். தேதி, காற்று, ஒருவனைக் காணோம். தேதி, மூடுபனி, இன்னொருவனைக் காணோம். ராத்திரி காவலுக்குப் போனவன் திரும்பவில்லை, அவ்வளவுதான். ரத்தம் இல்லை. துணைமாலுமி தானே கடலில் குதிக்கிறான். கடைசியில் கேப்டன் தன் கைகளைச் சுக்கானோடு கட்டிக்கொள்கிறார். புயலில் கரைதட்டிய கப்பலில் அவர் பிணம் மட்டும் நிற்கிறது. சட்டைப்பையில் அடைத்த குப்பி, அதற்குள் கடைசிக் குறிப்புகள்.

நான் இதைப் படித்தது 2018இல். அதற்கு முந்தின நவம்பர் 30இல்தான் ஒக்கி புயல் எங்கள் கடலைப் புரட்டிப் போட்டது. தங்கலுக்கு, அதாவது நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்க, போன படகுகளின் பெயர்களைப் பங்குக் கோயில் மைக்கில் வாசிப்பார்கள். இன்று இந்தப் படகு வந்துவிட்டது, இந்தப் படகில் இத்தனை பேர், இன்னாரைக் காணோம். ‘காணோம்’ என்ற சொல் வாரக்கணக்கில் அப்படியே நின்றது. ‘இறந்தார்’ என்று அதை மாற்ற யாருக்கும் வாய் வரவில்லை. அந்த மாலுமிகளின் பக்கங்களில் அதே சொல், அதே தொனி. ஸ்டோக்கர் காட்டேரிக்காகத்தான் எழுதினார். நான் படித்ததில் காட்டேரியே இல்லை. புத்தகத்தை மூடிவிட்டு வாசல் லைட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மிச்சத்தைப் படிக்க இரண்டு மாதம் ஆனது. (மிச்சம் அவ்வளவு விசேஷமில்லை. லண்டன் பகுதி இழுவை.)

விசைப்படகில் போகும் என் சித்தப்பா மகனிடம் ஒருநாள் வலை பொத்திக்கொண்டிருக்கும்போது இந்தக் கதையைச் சொன்னேன். கோமான் யார், ஏன் இங்கிலாந்து வருகிறான் என்பதில் அவனுக்கு அக்கறை இல்லை. “மொதல் ஆளு காணாமப் போனப்பவே கரை புடிச்சிருக்கணும்” என்றான். கொஞ்சம் கழித்து, “அந்தக் கேப்டனை அடக்கம் பண்ணுனாவளா?” என்று கேட்டான்.

பண்ணினார்கள். மற்ற கேப்டன்கள் பெட்டியைத் துறைமுகத்திலிருந்து மேட்டுக் கல்லறை வரை சுமந்தார்கள், துறையிலிருந்த படகெல்லாம் வந்ததாக ஹார்க்கருக்கு நிச்சயித்த பெண் மினா எழுதுகிறாள் என்றேன்.

“அப்ப சரி” என்றுவிட்டு அடுத்த கண்ணியைக் கோத்தான்.