12 கிலோ ஐஸ் மேக்கர் 12 கிலோ தருமா?

கேள்வி: வேலூரில் இருக்கிறோம். வீட்டில் ஆறு பேர். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ். ஃபிரீசரில் இரண்டு ஐஸ் தட்டு வைத்தால் வேறு எதற்கும் இடமில்லை. கோடையில் நன்னாரி சர்பத், ரோஸ் மில்க், மோர் என்று தினமும் ஐஸ் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் உறவினர்கள் பத்துப் பதினைந்து பேர் வந்துவிடுவார்கள். சமையல் மேடையில் வைக்கும் சிறிய ஐஸ் மேக்கர் வாங்க நினைக்கிறோம். 12 கிலோ, 15 கிலோ, 20 கிலோ என்று விற்கிறார்கள். எதை வாங்குவது? எங்களுக்கு போர் தண்ணீர்தான். அடிக்கடி மின்சாரமும் போகும், இன்வெர்ட்டரில் ஓட்டலாமா?

பதில்: வாங்கலாம். 12 கிலோ மாடலே உங்களுக்குப் போதும். மிச்சமாகும் பணத்தில், வெளிச்சூடு உள்ளே புகாத நல்ல ஐஸ் பெட்டி ஒன்றும் சேர்த்து வாங்குங்கள். அது இல்லாவிட்டால் 20 கிலோ இயந்திரம் வைத்திருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் கையைப் பிசைந்துகொண்டுதான் நிற்பீர்கள்.

அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் 12 கிலோ என்பது 24 மணி நேரம் நிறுத்தாமல் ஓடினால் கிடைக்கும் கணக்கு. மணிக்கு அரைக் கிலோ. அதுவும் இதமான அறையில், குளிர்ந்த தண்ணீரில் அளந்தது. ஐஸ் விழும் கூடையோ பெரும்பாலான சிறிய மாடல்களில் ஒரு கிலோகூடக் கொள்ளாது. கூடை நிறைந்ததும் இயந்திரம் தானாக நின்றுவிடும். இரவெல்லாம் விழித்திருந்து கூடையைக் காலி செய்துகொண்டே இருந்தால்தான் அந்த 12 கிலோவை ஒருவர் கண்ணால் பார்க்க முடியும்.

'ஆறு நிமிடத்தில் ஐஸ்' என்ற விளம்பரமும் பொய்யில்லை. ஆனால் ஒரு சுற்றில் விழுவது பெரும்பாலும் 9 கட்டிகள். மணிக்கு அரைக் கிலோ என்றால், ஏழு நிமிடச் சுற்று ஒன்றுக்கு ஏறத்தாழ 60 கிராம். ஒரு டம்ளர் சர்பத்துக்கே அது சற்றுக் குறைச்சல். முதல் இரண்டு மூன்று சுற்றுகளில் தண்ணீர் இன்னும் குளிராததால் கட்டிகள் மெலிந்தே விழும். அதைப் பார்த்து இயந்திரம் பழுது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

15 கிலோ மாடல் மணிக்குக் கூடுதலாகத் தருவது 125 கிராம். இதற்காக ஆயிரக்கணக்கில் கூடுதலாகக் கொடுக்க நான் சொல்ல மாட்டேன். 20 கிலோ மாடல் மணிக்கு 800 கிராம் வரை தரும்; ஆனால் கனமும் இடமும் அதிகம், சமையலறைக்குள் அது வெளியேற்றும் வெப்பமும் அதிகம். சிறிய டீக்கடையோ ஜூஸ் கடையோ வைத்திருந்தால் அதைப் பற்றிப் பேசலாம்.

இனி, விற்பவர்கள் வாய் திறக்காத விஷயம். இந்த இயந்திரம் ஐஸ் செய்யும், வைத்துக்கொள்ளாது. கூடை இருக்கும் அறைக்குக் குளிரூட்டல் கிடையாது. விழுந்த கட்டி விழுந்த நொடியிலிருந்தே உருகத் தொடங்கும். உருகிய நீர் கீழே தொட்டிக்கு வடிந்து மறுபடியும் ஐஸாகும். காலையில் நிரப்பிவிட்டு மாலையில் எடுக்கலாம் என்று நினைத்தால், மெலிந்து ஒன்றோடொன்று ஒட்டிய கட்டிகளே கிடைக்கும்.

கட்டியின் வடிவமும் இதற்கு உடந்தை. உள்ளே தண்ணீர்த் தட்டு ஒன்றில் ஒன்பது உலோக விரல்கள் முங்கியிருக்கும். கம்ப்ரஸர் அவற்றைப் பூஜ்யத்துக்குக் கீழே குளிர்விக்க, விரலைச் சுற்றி ஐஸ் உறையும். பிறகு சூடான வாயு ஒரு கணம் விரல்களுக்குள் ஓடும். பிடி விட்டு ஐஸ் கழன்று விழும். அதனால்தான் ஒவ்வொரு கட்டியின் நடுவிலும் ஒரு குழி. குழி இருப்பதால் காற்று படும் பரப்பு அதிகம், சீக்கிரம் உருகும். பானத்தைச் சட்டென்று குளிர்விக்க இது நல்லதுதான். மிக்ஸியில் எளிதாக நொறுங்கும் என்பதால் ரோஸ் மில்க்குக்கும் தோது.

ஐஸைச் செய்வதைவிடக் காப்பதுதான் கடினம் என்பது சென்னைக்குப் பழைய பாடம். மெரினா எதிரே நிற்கும் ஐஸ் ஹவுஸ், அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் வெட்டியெடுத்த பனிக்கட்டியைச் சேமிக்க ஃபிரெடெரிக் டியூடர் 1842இல் கட்டியது. கம்ப்ரஸர் எதுவும் இல்லை. பெரிய பாளங்களாக, மரத்தூளில் பொதிந்து, மாதக்கணக்கில் கப்பலில் வந்தது. குழி விழுந்த சின்னக் கட்டிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அதற்கு ஐஸ் பெட்டி வேண்டும்.

உங்கள் ஞாயிற்றுக்கிழமையைக் கணக்கிடுவோம். பதினைந்து பேர், ஆளுக்கு இரண்டு டம்ளர், டம்ளருக்கு 100 கிராம் என்றால் 3 கிலோ. சனிக்கிழமை மாலை இயந்திரத்தை ஓட்டி ஒரு கிலோ சேர்த்து, தடித்த பிளாஸ்டிக் பையில் கட்டி, ஐஸ் தட்டுகள் இருந்த இடத்தில் வைத்துவிடுங்கள். புதிதாக விழுந்த கட்டியின் மேல் ஈரம் இருக்கும். அப்படியே பையில் போட்டால் விடிவதற்குள் ஒரே பாறையாகிவிடும். சல்லடையில் இரண்டு நிமிடம் வடியவிட்டு, ஒரு தட்டில் பரப்பி அரை மணி நேரம் உறையவைத்த பிறகு பையில் கட்டினால் உதிரியாகவே இருக்கும். ஞாயிறு காலை ஏழு மணிக்கு மறுபடி ஓட்டத் தொடங்கி, கூடை நிறையுமுன் அவ்வப்போது ஐஸ் பெட்டிக்கு மாற்றுங்கள். நண்பகலுக்குள் இன்னும் இரண்டு கிலோ சேர்ந்துவிடும். 10 லிட்டர் பெட்டி தாராளம்.

மாடல்களை ஒப்பிடும்போது நான் முதலில் பார்க்கச் சொல்வது கிலோவை அல்ல, பின்புறத்தில் ஒட்டியிருக்கும் தகவல் தகட்டை. அதில் 'கிளைமேட் கிளாஸ்' என்று ஆங்கில எழுத்தில் ஒரு குறி இருக்கும். 'எஸ்என்' (SN), 'என்' (N) என்றிருந்தால் அந்தக் கருவி 32 டிகிரி செல்சியஸ் வரையிலான அறை வெப்பத்துக்கு வடிவமைத்தது. 'எஸ்டி' (ST) என்றால் 38 வரை, 'டி' (T) என்றால் 43 வரை. கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூரில், அடுப்பும் எரியும் சமையலறையில், 'என்' குறியுள்ள இயந்திரம் திணறும். 'டி' இருப்பதையே வாங்குங்கள். தகட்டில் இந்தக் குறியே இல்லாத பெயர் தெரியாத இறக்குமதிகளும் இணையக் கடைகளில் உலவுகின்றன. விலையைப் பார்த்து மயங்க வேண்டாம்.

அதே தகட்டில் 'ஆர்600ஏ' என்று இருக்கலாம். இன்றைய வீட்டு ஃபிரிட்ஜ்களில் உள்ள ஐசோபியூட்டேன் வாயுதான் அது. அளவு மிகக் குறைவு, ஆனால் எரியக்கூடியது. ஆகவே அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். விசிறி காற்றை இழுக்கும் பக்கமும் தள்ளும் பக்கமும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். நேர் வெயில் படும் ஜன்னலோரமும் ஆகாது: கூடை நிறைந்ததைக் கண்டறியும் அகச்சிவப்புக் கதிர் உணரி வெயிலில் குழம்பிப்போகும்.

மின்செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். 120 வாட் இயந்திரம் ஒரு கிலோ ஐஸ் செய்ய இரண்டு மணி நேரம் எடுத்தால் கால் யூனிட். அதையும் குறைக்க வழி உண்டு. 35 டிகிரியில் இருக்கும் குழாய்த் தண்ணீரை ஊற்றாமல், ஃபிரிட்ஜில் 10 டிகிரிக்குக் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால், இயந்திரம் வெளியேற்ற வேண்டிய வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம். முதல் சுற்றிலேயே கட்டியும் தடிமனாக விழும். முந்தைய இரவே இரண்டு பாட்டில் உள்ளே வைத்துவிடுங்கள்.

போர் தண்ணீரை மட்டும் ஊற்றவே ஊற்றாதீர்கள். தண்ணீர் உறையும்போது அதிலுள்ள உப்புகள் பெரும்பாலும் ஐஸுக்குள் போகாமல் மிஞ்சும் நீரிலேயே தங்கும். இந்த இயந்திரம் அந்த மிஞ்சிய நீரையே திரும்பத் திரும்பச் சுற்றவிடுகிறது. காலையில் சாதாரணக் கடினநீராக இருந்தது மாலைக்குள் இன்னும் உவர்ப்பாகிவிடும். விரல்களிலும் பம்பிலும் வெள்ளையாகப் படியும். பிறகு ஐஸ் கழன்று விழாது, பம்பு இரையும், தொட்டி நிறைய நீர் இருக்கும்போதே 'தண்ணீர் இல்லை' என்று விளக்கு எரியும். ஆர்.ஓ. தண்ணீரோ நம்பிக்கையான கேன் தண்ணீரோ போதும். உறையவைப்பதால் கிருமிகள் செத்துவிடுவதில்லை என்பதால் குடிக்கத் தகுந்த தண்ணீராக இருப்பது கட்டாயம்.

வேலை முடிந்ததும் தொட்டியின் அடைப்பைத் திறந்து நீரை வடித்து, மூடியைத் திறந்துவைத்து உலரவிடுங்கள். ஈரத்தோடு மூடிவைத்தால் வழவழப்பும் வாடையும் வரும். அந்த அடைப்பு எங்கே இருக்கிறது என்பதைக் கடையிலேயே பாருங்கள். அடியில் இருந்தால் ஒவ்வொரு முறையும் எட்டு ஒன்பது கிலோ இயந்திரத்தைத் பாத்திரம் கழுவும் தொட்டியின் விளிம்புக்கு நகர்த்த வேண்டும். பக்கவாட்டில் இருந்தால் ஒரு கிண்ணம் போதும். 'தானே சுத்தம் செய்யும்' என்ற பட்டன் தண்ணீரைச் சுழற்றிவிடுவதோடு சரி. மாதம் ஒருமுறை, தயாரிப்பாளரின் கையேடு அனுமதிக்கும் அளவில் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலம்) கரைத்து ஓடவிட்டு, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, அடுத்து விழும் முதல் இரண்டு சுற்று ஐஸைக் கொட்டிவிடுங்கள்.

சதுரக் கட்டி, மென்று தின்னும் பொடிக்கட்டி தரும் இயந்திரங்களும் உண்டு. சதுரக் கட்டி நிதானமாக உருகும். பொடிக்கட்டி இயந்திரத்தில் திருகு ஒன்று ஐஸைச் சுரண்டித் தள்ளுகிறது. விலை பல மடங்கு, உப்புப் படிந்தால் முதலில் அடிபடுவதும் அந்தத் திருகுதான். சர்பத்துக்கு இரண்டுமே அவசியமில்லை.

வாங்கி வந்ததும் உடனே பிளக்கை மாட்டாதீர்கள். வண்டியில் சாய்ந்து வந்திருந்தால் கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்களுக்குள் போயிருக்கும். நிமிர்த்திவைத்து கையேடு சொல்லும் நேரம் வரை, பொதுவாகச் சில மணி நேரம் முதல் ஒரு நாள் வரை, விட்டுவிடுங்கள். உங்கள் ஊரில் சர்வீஸ் மையம் இருக்கிறதா என்று தொலைபேசியில் பேசி உறுதி செய்துகொள்வதும் வாங்குமுன் செய்ய வேண்டியது.

கடைசியாக இன்வெர்ட்டர். 120 வாட்தானே என்று தோன்றும். ஆனால் கம்ப்ரஸர் கிளம்பும் கணத்தில் அதைப் போலப் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும். சதுர அலை இன்வெர்ட்டரில் மோட்டார் சூடாகும். சைன் அலை இன்வெர்ட்டர் தாங்கலாம். ஆனாலும் நான் ஓட்டச் சொல்ல மாட்டேன். ஒரு கிலோ ஐஸுக்கு ஆகும் அந்தக் கால் யூனிட்டில் 75 வாட் மின்விசிறி மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும். மே மாத இரவில் எது முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை. மின்னழுத்தம் ஏறி இறங்கும் தெரு என்றால் ஃபிரிட்ஜுக்கு வைப்பது போன்ற ஸ்டெபிலைசர் ஒன்று வையுங்கள். மின்சாரம் போனால் கூடையிலிருப்பதை ஐஸ் பெட்டிக்கு மாற்றிவிட்டு பிளக்கைக் கழற்றிவிடுங்கள். திரும்ப வந்ததும் ஐந்து நிமிடம் பொறுத்து மாட்டுங்கள். சில மாடல்கள் தாமாகத் தொடங்கும், சில நீங்கள் பட்டனை அழுத்தும்வரை சும்மா இருக்கும்.