புளி போட்டு தேய்க்கலாமா?

கேள்வி: சார், ஆயா பொட்டியில 1911 ஜார்ஜ் மன்னர் வெள்ளி ரூபா ஒண்ணு கிடைச்சிது, கருத்துப்போய் கிடக்கு. புளி போட்டு தேச்சா நல்ல ரேட்டு போகுமா?

பதில்: ஐயோ தேச்சிடாதீங்கம்மா! அந்த கருப்பு இயற்கையா படிஞ்சது, பழைய காசு சேர்க்கிறவங்க அதைத்தான் விரும்புவாங்க, தேச்சா மெல்லிசா கீறல் விழுந்து மதிப்பு பாதியாகூட குறையும். அதுவும் உங்களோடது 1911, மன்னர் அங்கியில இருக்கிற யானை பன்னி மாதிரி தெரியுதுன்னு எதிர்ப்பு வந்து அடுத்த வருஷமே டிசைனை மாத்திட்டாங்க, அதனாலதான் அந்த வருஷ காசுக்கு தனி கிராக்கி. முதல்ல எடை போடுங்க, 11.66 கிராம் பக்கம் இருக்கணும், ரொம்ப தேஞ்சிருந்தா லேசா குறையும், காந்தத்துல ஒட்டுச்சின்னா போலி. அப்புறம் லென்ஸ் வெச்சு கிரீடம், தாடி, அந்த யானை மூணையும் பாருங்க, மேடான இடந்தான் முதல்ல தேயும், அங்க கோடுங்க தெளிவா இருந்தா நல்ல விலை, வழவழன்னு இருந்தா வெள்ளி விலைக்கு மேல கொஞ்சம்தான் தேறும். ஓரத்தை மட்டும் பிடிச்சு எடுங்க.