ஆர்கெஸ்ட்ராவில் பிக்கோலோ என்ற குட்டி ஃப்ளூட்டுக்கு என்ன வேலை? கீச்சென்று கத்துவது மட்டும்தானா?

கத்துவதற்காகத்தான் அதை உள்ளே அழைத்து வந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்த 'மட்டும்தானா' என்ற சொல், ஃப்ளூட் வாசிக்கும் என்னைக் கொஞ்சம் சீண்டுகிறது.

பிக்கோலோவின் நீளம் சுமார் 32 சென்டிமீட்டர். ஃப்ளூட்டில் ஏறக்குறையப் பாதி என்பதால் ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும். அதன் உச்ச சுரங்கள் 4,000 ஹெர்ட்ஸை நெருங்கும்; மனிதக் காது மிகக் கூர்மையாக இருக்கும் பகுதி அது. டிராம்போன்களும் முரசுகளும் சேர்ந்து முழங்கினாலும் ஒற்றைப் பிக்கோலோ தனியே கேட்பதற்குக் காரணம் இதுதான். 1808இல் அரங்கேறிய ஐந்தாம் சிம்பொனியில் பீத்தோவன் அதைக் கடைசிப் பகுதி வரை காத்திருக்க வைத்தார். ஆறாம் சிம்பொனியில் புயல் அடிக்கும்போது மட்டும் வாய் திறக்க விட்டார்.

திறந்தவெளிதான் அதன் சொந்த வீடு. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத் திருவிழா, கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்குப் பின்வரும் திங்கட்கிழமை அதிகாலை 4 மணிக்குத் தெருவிளக்குகளை அணைத்துத் தொடங்குகிறது. பிக்கோலோவும் முரசும்தான் அந்த ஊர்வலங்களின் இசை. அமெரிக்காவில் இசையமைப்பாளர் சூசா 1896இல் எழுதிய 'ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ் ஃபாரெவர்' அணிவகுப்பிசையிலோ, மெட்டுக்கு மேலே அது நகாசு வேலை செய்துகொண்டே ஓடும். வாசிப்பவர்கள் அந்த இடத்தில் எழுந்து நிற்பது வழக்கம். பின்வரிசையில் இருப்பவருக்கு அபூர்வமாகக் கிடைக்கும் மரியாதை!

எனக்குப் பிடித்தவை வேறு இரண்டு. பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெலின் 'பொலேரோ'வில் ஹார்ன் என்ற பித்தளை ஊதுகருவி மெட்டை வாசிக்க, இரண்டு பிக்கோலோக்கள் அதே மெட்டை வேறு இரு சுருதிகளில் மேலே வாசிக்கின்றன, மணியோசை தரும் சிறு பியானோ போன்ற செலஸ்டாவும் கூடச் சேர்கிறது. எல்லாம் ஹார்னின் மேற்சுரங்களோடு, அதாவது அதன் சுரத்துடன் தானாகவே மெல்ல எழும் உயர் ஒலிகளோடு, கலந்துவிடுவதால் தேவாலய ஆர்கன் ஒன்று ஒலிப்பதாகத் தோன்றும். பிக்கோலோ இருப்பதே தெரியாது. ரஷ்ய இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் பத்தாம் சிம்பொனியில் (1953) முதல் பகுதி பெரும் கொந்தளிப்புக்குப் பிறகு இரண்டு பிக்கோலோக்களின் மெல்லிய குரலில் முடிகிறது. சுருதி பிசகாமல் அதை வாசிப்பது வேகமாக வாசிப்பதைவிடக் கடினம். இந்தக் கருவியில் உதடு சற்று அசைந்தாலே சுருதி நழுவிவிடும். அதை மறைக்கவும் வழியில்லை.

உங்கள் சந்தேகத்தில் ஒரு நியாயமும் இருக்கிறது. தனியறையில் பயிற்சி செய்யும் பிக்கோலோக்காரர்கள் பலர் காதில் அடைப்பான் வைத்துக்கொள்கிறார்கள்.