போன் மணி அடித்தாலே நெஞ்சு படபடக்கிறது

கேள்வி: எனக்கு வயது 44. திருப்பூரில் பனியன் ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருந்தேன். நஷ்டமாகி எட்டு மாதம் முன்பு மூடிவிட்டேன். கடன் பாக்கி இருக்கிறது. போன் அடித்தாலே நெஞ்சு படபடக்கிறது, எடுப்பதே இல்லை. விடிகாலை மூன்றரைக்கு விழிப்பு வந்துவிடுகிறது. "மனசைத் தைரியமா வச்சுக்கோ" என்கிறார்கள். அதற்கு மருந்து உண்டா?

பதில்: முதலில் ரத்த அழுத்தம், இ.சி.ஜி., ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு பார்த்துவிடுங்கள். தைராய்டு அதிகம் சுரந்தாலும் இதே படபடப்பு, இதே தூக்கக்கேடுதான்.

அவை சரியாக இருந்தால், பயத்தை வளர்ப்பது போனை எடுக்காத பழக்கம். மணி அடிக்கிறது, அட்ரினலின் என்ற பதற்ற ஹார்மோன் ஏறுகிறது, போனைக் கவிழ்த்து வைக்கிறீர்கள், உடனே நிம்மதி. அந்த நிம்மதிதான் வினை. 'எடுக்காததால் தப்பித்தோம்' என்று மூளை கற்றுக்கொண்டு, அடுத்த மணிக்கு இன்னும் உரக்க அலறுகிறது.

மாற்றிப் பழக்கலாம். கடன்காரர்கள் பெயரை எழுதி, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை பயம் என்று மதிப்பெண் போடுங்கள். மூன்று, நான்கு வாங்கியவரில் தொடங்குங்கள். பட்டன் கடைக்காரராக இருக்கலாம். காலை 11 மணிக்கு நீங்களே கூப்பிடுங்கள். பாக்கித் தொகை, இந்த மாதம் தர முடிந்தது, அடுத்து பேசும் தேதி: மூன்றும் ஒரு துண்டுத்தாளில் கையில் இருக்கட்டும். அதற்கு முன் மூன்று நிமிடம், 4 நொடி மூச்சை இழுத்து 6 நொடி விடுங்கள். பேசும்போது படபடத்தால் பரவாயில்லை, நடுவில் வைத்துவிடாதீர்கள். பயம் பாதியாகக் குறையும்வரை அந்தப் படியிலேயே நில்லுங்கள். பலர் தவறுவது இங்கேதான்: முதல் நாளே பெரிய ஃபைனான்ஸ்காரரைக் கூப்பிட்டு, திட்டு வாங்கி, ஒரு மாதம் போனைத் தொட மாட்டார்கள்.

மூன்றரை மணிக்கு வருவோம். இரவின் பின்பாதியில் தூக்கம் லேசாகும், உடலை விழிப்புக்குத் தயார் செய்யும் கார்ட்டிசால் ஹார்மோன் மெல்ல ஏறத் தொடங்கும். கவலைக்கு அது தோதான நேரம். இரவில் மது குடித்தால் விழிப்பு இன்னும் கெடும். சுமார் 20 நிமிடம் ஆகியும் தூக்கம் வராவிட்டால் (கடிகாரம் பார்க்காமல்) எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் சலிப்பான வேலை எதையாவது செய்யுங்கள். கண் செருகியதும் படுங்கள். எப்படித் தூங்கினாலும் எழும் நேரம் ஒன்றே. டீயில் உள்ள காஃபின் பாதி குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரமாகும். எனவே பகல் 2 மணிக்கு மேல் டீ வேண்டாம். வாரத்தில் ஐந்து நாள், 30 நிமிடம், பேச முடியும் ஆனால் பாட முடியாத வேகத்தில் நடங்கள்.

மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகத் தூக்க மாத்திரை வாங்காதீர்கள். அல்பிரசோலாம் போன்றவை பழக்கமாகிவிடும். மாத்திரை போட்டுக்கொண்டு போன் பேசினால் தைரியம் மாத்திரையின் கணக்கில்தான் சேரும்.

எதிலும் நாட்டமில்லாமை, பசியின்மை, தூக்கமின்மை சேர்ந்து இரண்டு வாரம் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அந்த நிலைக்குச் சரியான மருந்து உண்டு. நடக்கும்போது நெஞ்சு இறுகினால் அன்றே மருத்துவமனை. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால்கூட, வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு 14416-ஐ அழையுங்கள். அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண் அது, எந்நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.